மூக்கினுள் வளரும் சதை

உயிர்களை அறிவின் வகையாற் பாகுபடுத்திய தொல்காப்பியர், உடம்பாலும் நாவாலும் அறியும் அறிவுகளுக்கு அடுத்த மூன்றாவது அறிவாக மூக்கின் அறிவை வைத்தார். கண்ணுக்கும் செவிக்கும் முன்னதாக அஃது எண்ணப்பட்டமை கருதத்தக்கது. எனினும், ஐம்பொறிகளுள் மனிதர் மிகக் குறைவாகப் பேணுவது மூக்கையே எனலாம். கண்பார்வை சிறிது மங்கினும் வைத்தியரை நாடுவோர், மணம் அறியும் ஆற்றல் முற்றாக மறைந்தபோதும், 'இது தடிமன். தானே மாறிவிடும்' என ஆண்டுக்கணக்காக வாளாவிருத்தல் யாண்டும் காணப்படுவதொன்றாம்.

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்திலே, சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் முந்தல். அதனை அடுத்து உவர்நீர்க் களப்பு. களப்பின் ஊடாக ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய். களப்புக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மணற்றிட்டில் உடப்பு முதலிய ஊர்கள். இப்பகுதி மணங்களாலே அறியப்படும் நிலம். மணற்பரப்பிற் காயும் கருவாட்டின் மணமும், களப்புச் சேற்றின் மணமும், ஊறிய தென்னம்மட்டையின் மணமும், உடப்புத் திரௌபதியம்மன் கோயிற் கர்ப்பூர மணமும் ஒன்றோடொன்று கலந்து வீசுவது இக்கரையின் இயல்பு. இத்தகைய ஊரில் வாழும் ஒருவர், காய்ந்த மீனுக்கும் பழுதுற்ற மீனுக்கும் வேறுபாடு அறியாதவராயின், அவர்தம் தொழிலே இடருறும். அடுப்பிலுள்ள சோறு தீய்வதையும், சமையல் வாயு கசிவதையும் அறியாத இல்லத்தரசிக்கு உயிருக்கே இடர் நேரலாம். இவ்விழப்பிற்குப் பல காரணங்கள் உள. அவற்றுள் எளிதில் அறியத்தக்கதும், பெரும்பாலும் மருத்துவத்துக்கு இணங்குவதும், ஆயினும் அடிக்கடி கவனிக்கப்படாது விடப்படுவதும் மூக்கினுள்ளும் அதனைச் சூழ்ந்த காற்றறைகளிலும் வளரும் சதையேயாகும்.

மூக்கின் அமைப்பு

புறத்தே தோன்றும் மூக்கு, உள்ளே நெடுந்தூரம் செல்லும் ஒரு வீட்டின் வாயில் போன்றதே. நடுவிலுள்ள தடுப்புச்சுவர் அவ்வீட்டை இரு கூறாகப் பிரிக்கின்றது. ஒவ்வொரு கூற்றின் வெளிச்சுவரிலிருந்தும் மூன்று என்பு மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாழ்வாரம்போல் இறங்கி நிற்கின்றன. இவற்றைப் போர்த்துள்ள சீதமென்சவ்வு, உட்புகும் காற்றை வெதுவெதுப்பாக்கி, ஈரமூட்டி, தூசியைப் பற்றி நிறுத்துகின்றது. கூரையின் அருகே சிறு பரப்பில் மணமறியும் நரம்புகளின் நுனிகள் பரந்துள்ளன. மணப்பொருளைச் சுமந்த காற்று அப்பரப்பை எய்தினால் மாத்திரமே மணம் உணரப்படும்.

மூக்கைச் சூழ்ந்த முகவென்புகளில் நான்கு இணையான காற்றறைகள் உள்ளன. அவை கன்னத்தின் உள்ளும், நெற்றியின் உள்ளும், இரு கண்களுக்கு இடையிலும், மண்டையோட்டின் அடித்தளத்திலும் அமைந்தவை. இவ்வறைகளிலிருந்து ஊறும் சளி, நுண்ணிய வாயில்களின் வழியே மூக்கினுள் வடிகின்றது. இவ்வாயில்களுட் பல நடு மடிப்பின் கீழுள்ள ஒடுங்கிய இடுக்கிலேயே திறக்கின்றன. அங்கே ஒரு சிறு வீக்கம் எழுந்தாலும் பல அறைகளின் வடிகால் ஒருங்கே அடைபடும். களப்பின் முகத்துவாரம் மணலால் மூடுண்டால் உள்ளே நீர் தேங்கி நாறுதலைக் கரையோர மக்கள் நன்கறிவர். காற்றறைகளில் நிகழ்வதும் அத்தகையதே.

சதை என்பது யாது?

கண்களுக்கு இடையிலுள்ள காற்றறைகளின் சீதமென்சவ்வு நெடுங்காலம் அழற்சியுற்றிருக்குமாயின், அதனுள் நீர் கோத்து, சவ்வு பருத்து, தன் பாரத்தினாலேயே இடுக்கின் வழியாகக் கீழே தொங்கத் தொடங்கும். இவ்வாறு தொங்கும் நீர்கொண்ட சவ்வே மூக்குச்சதை எனப்படுவது. ஆகவே இது பெரும்பாலும் புற்றுநோயன்று. புதிதாக முளைத்த வேற்றுப்பொருளுமன்று. உடம்பின் சொந்தச் சவ்வே நிலைபிறழ்ந்து வீங்கியது எனல் பொருந்தும்.

இச்சதையை நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கின், பலரிடத்தில் இயோசினோபில் என்னும் ஒருவகை வெண்கலங்கள் மிகுந்திருத்தல் காணப்படும். தொய்வு நோயாளரின் சுவாசக் குழாய்களிலும் இதே கலங்கள் மிகுதியாக உள்ளமையின், மூக்குச்சதையும் தொய்வும் ஒரே சுவாச வழியின் இரு இடங்களில் நிகழும் ஒரே இயல்பான அழற்சி எனத் தற்கால மருத்துவர் கொள்வர். தொய்வுடையோருட் சிலருக்கு அஸ்பிரினும் அதனை ஒத்த வலிநீக்கிகளும் கடும் மூச்சுத்திணறலை உண்டாக்கும். அத்தகையோரிடத்து மூக்குச்சதையும் பெரும்பாலும் காணப்படும். இம்மூன்றின் கூட்டுறவைப் பிரெஞ்சு மருத்துவர் விடால் 1922இல் எடுத்துரைத்தார். 1968இல் சாம்ற்றர் என்பார் விரிவாக ஆராய்ந்தமையின் அவர் பெயராலும் அது வழங்குகின்றது. மூக்குச்சதையும் தொய்வும் உடைய ஒருவர், தலைவலிக்கு அஸ்பிரினைத் தாமாக வாங்கி விழுங்குதல் உயிருக்கு இடராகலாம் என்பது இதனாற் பெறப்படும்.

இந்நோய் நூற்றுக்கு ஒருவர் முதல் நால்வர் வரையானோரிடத்துக் காணப்படுவதாக மதிப்பிடப்படுகின்றது. நடுவயதினரிடத்து மிகுதி; பெண்டிரினும் ஆடவரிடத்துச் சற்று மிகுதி. குழந்தைகளிடத்து அரிது. ஆதலாற் குழந்தையின் மூக்கிற் சதை காணப்படின் அதன் காரணத்தைத் தனியே ஆராய்தல் வேண்டும்.

பெயரும் பழமையும்

இது நாகரிகம் தந்த புதுநோயன்று. சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல், மூக்கினுள் எழும் சதையை மூலநோயின் முளைக்கு ஒப்பிட்டு நாசார்சம் எனப் பெயரிட்டது. ஈழநாட்டிலே தமிழ் வைத்தியர் நாட்பட்ட மூக்கடைப்பையும் சளியையும் தலைப்பாரத்தையும் பீனிசம் என்ற பெயரால் அறிவர். கிரேக்கர், பல கால்களையுடைய கடலுயிரை உணர்த்தும் சொல்லாலே இச்சதையைக் குறித்தனர். ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பொலிப் என்ற பெயர் அதன் வழிவந்ததே. இப்போகிறேற்றர் மரபு நூல்களில், கடற்பஞ்சுத் துண்டொன்றை நூல்களாற் பிணித்து, மூக்கின் வழியே உட்செலுத்தித் தொண்டை வழியாக இழுத்துச் சதையைப் பிடுங்கும் முறை கூறப்பட்டுள்ளது. அம்முறையின் வேதனையை உணர்த்த வேறு சொல் வேண்டா. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர் கண்ட உண்மை ஒன்று உண்டு: சதையைப் பிடுங்குதல் எளிது, அது மீளவும் வளராது தடுத்தலே அரிது.

அறியும் வகை

மூக்குச்சதையின் முதற்குறி இரு பக்கத்து மூக்கடைப்பு. தடிமனால் வரும் அடைப்பு ஒரு கிழமையில் அல்லது இரு கிழமையில் நீங்கும். ஒவ்வாமையால் வரும் அடைப்பு, தும்மலும் அரிப்பும் உடன்வரக் கூடிக் குறையும். சதையால் வரும் அடைப்போ இரவும் பகலும் நீங்காது நின்று, மெல்ல மெல்ல மிகும். பன்னிரண்டு கிழமைகளுக்கு மேல் நிலைத்த அடைப்பை நாட்பட்டது எனக் கொள்வது மருத்துவ மரபு.

இரண்டாவது குறி மணமிழத்தல். காற்று கூரையை எய்தாமையாலும், அங்குள்ள சவ்வு அழற்சியுறுவதாலும் இஃது உண்டாகின்றது. நோயாளர் இதனைப் பெரும்பாலும் 'வாய்க்குச் சுவையில்லை' என்றே முறையிடுவர். இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு என்பவற்றை நா அறியும். ஆயினும், மீன்குழம்பை இறைச்சிக் குழம்பினின்று வேறுபடுத்திக் காட்டுவது மூக்கே. ஆகலின் உணவின் உருசி கெட்டது எனக் கூறுவோரிடம் மணத்தைப் பற்றி வினவுதல் தகும்.

இவற்றோடு தொண்டையின் பின்புறமாகச் சளி வடிதல், முகத்திலும் நெற்றியிலும் பாரம், மூக்காற் பேசுவது போன்ற குரல், வாயால் மூச்சுவிடல், குறட்டை, அயர்ந்த உறக்கமின்மை என்பனவும் சேரும். கடும் நோவு இந்நோயின் இயல்பன்று. நோவின்மையே பலர் இதனைப் பொறுத்துக்கொண்டு காலங்கடத்துதற்குக் காரணமாம்.

மூக்கினுள் ஒளியைச் செலுத்தி நோக்கும் வைத்தியர் காண்பது, தோலுரித்த முந்திரிகைப் பழம்போல வெளிறிய, ஒளி ஊடுருவும், வழுவழுப்பான திரளை. அதனைச் சிறு கருவியால் தொடின் அசையும், நோயாளர் நோவை உணரார், குருதியும் வடியாது. இங்கே ஒரு மயக்கம் நிகழ்வதுண்டு. மூக்கின் கீழ்மடிப்பு இயல்பாகவே சிலருக்குப் பருத்திருக்கும். கண்ணாடியிற் பார்ப்போர் அதனையே சதையெனக் கொண்டு அஞ்சுவர். கீழ்மடிப்போ இளஞ்சிவப்பு நிறமுடையது, தொட்டால் நோகும், அசையாது, அடைப்பு நீக்கும் துளிமருந்தை இட்டவுடன் சுருங்கும். சதை அவ்வாறு சுருங்குவதில்லை. இவ்வேறுபாட்டை அறியாதோர் 'சதை' என்று கூறிக் கீழ்மடிப்பைச் சுட்டெரித்தலும் வெட்டுதலும் நேரின், மூக்கின் உள்ளகம் வறண்டு, பொருக்குக் கட்டி, வாழ்நாள் முழுதும் துன்பமாக முடியும்.

முன்புறமாக நோக்குவதால் மாத்திரம் சிறு சதைகள் புலப்படா. மெல்லிய உள்நோக்கிக் குழாயைச் செலுத்தி இடுக்குகளைக் காண்டல் வேண்டும். காற்றறைகளின் நிலையை அறிய, கணினி வழிப்பட்ட குறுக்குவெட்டுக் கதிர்ப்படம் துணைசெய்யும். பழைய எக்ஸ் கதிர்ப்படம் இதற்குப் போதாது.

ஒரு பக்கத்துச் சதை

மேலே கூறிய இயல்பான சதை இரு பக்கத்தும் தோன்றுவது. ஒரு பக்கத்தில் மாத்திரம் சதை காணப்படின், அது வேறொன்றாக இருக்கலாம் என்ற ஐயம் எழுதல் வேண்டும். இவ்விதி இந்நோயியலின் அச்சாணி எனத் தகும்.

இளைஞரிடத்து, கன்னத்துக் காற்றறையிற் பிறந்து, மூக்கின் பின்வாயில் வழியாகத் தொண்டைக்குள் தொங்கும் ஒற்றைச் சதை ஒன்றுண்டு. அதனை ஜேர்மானிய மருத்துவர் கிலியன் 1906இல் தெளிவுறுத்தினார். அது தீங்கற்றது, அடியோடு அகற்றினால் பெரும்பாலும் மீளாது. முதியோரிடத்து ஒரு பக்கத்து அடைப்பும், குருதி கலந்த சளியும், கன்ன மரப்பும், பல் ஆடுதலும் சேர்ந்து காணப்படின் புற்றுநோயை ஐயுற வேண்டும். வளரிளம் ஆண்பிள்ளைகளிடத்து, ஒரு பக்கத்து அடைப்போடு மூக்கிலிருந்து குருதி பெருகுமாயின், அது குருதிக் குழாய்கள் செறிந்த கட்டியாக இருக்கலாம். அதனிற் சிறு துண்டை எடுத்து ஆராய முயல்வதும் பெருங்குருதிப் போக்கை விளைக்கும். கைக்குழந்தையின் மூக்கிற் காணப்படும் மென்மையான திரளையோ மூளையின் உறை கீழே இறங்கியதாகவும் இருத்தல் கூடும். இவையனைத்தும் புறத்தே 'மூக்கில் சதை' என்ற ஒரே தோற்றத்தைக் காட்டுவன. கதிர்ப்படம் எடாது கத்தியை எடுத்தல் ஆகாது என்பதன் காரணம் இதுவே.

குளத்து நீரும் செஞ்சதையும்

ஒரு பக்கத்துச் சதைகளுள் ஈழநாட்டாரும் தென்னிந்தியரும் சிறப்பாக அறிந்திருக்க வேண்டியது ரைனோஸ்போரிடியோசிஸ் என்னும் நோய். உலகில் இந்நோய்க்கு ஆளானோருட் பெரும்பாலார் இந்தியாவிலும் இலங்கையிலுமே காணப்பட்டனர். தமிழ்நாட்டில் மதுரை, இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளும், இலங்கையில் உலர்வலயமும் இதற்குப் பேர்பெற்றவை. புத்தளம் மாவட்டத்தின் பெரும்பகுதி உலர்வலயத்தைச் சார்ந்தது. கரையோரத்தில் உவர்நீர்க் களப்புகள் இருப்பினும், உள்நாட்டில் தப்போவ முதலிய நன்னீர்க் குளங்கள் பல உள்ளன. மக்களும் மாடுகளும் ஒரே குளத்திற் குளித்தல் உலர்வலயத்தின் வழக்கம். தேங்கிய நன்னீரில் முழுகுதலுக்கும், ஆற்றுமணல் அள்ளுதலுக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டு என்பது நெடுங்காலக் கருத்து. மாடு, குதிரை, நாய் முதலியவற்றிடத்தும் இது காணப்பட்டுள்ளது. ஆயினும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை. ஆதலின் நோயாளரை விலக்கி வைத்தல் பேதைமையாகும்.

இந்நோயை ஆர்சென்ரீனா நாட்டு மாணவர் சீபெர் 1900இல் தம் ஆய்வேட்டில் விவரித்தார். 1903இல் கல்கத்தாவில் ஓ கினீலி என்பார் இந்தியாவிற் கண்ட நோயை வெளியிட்டார். 1923இல் அசுவேத் என்பார் இதனை உண்டாக்கும் அங்கியின் வாழ்க்கை வட்டத்தை விரிவாக எழுதி, அதனைப் பங்கசு எனக் கொண்டார். ரைனோஸ்போரிடியம் சீபெரி என்ற பெயர் அவ்வாறு நிலைபெற்றது. இலங்கையிலே நோயியற் பேராசிரியர் கருணாரத்தின 1964இல் இந்நோய் பற்றித் தனிநூல் ஒன்றை வெளியிட்டார். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆர்சக்குலரத்தினவும் பிறரும் ஆய்வைத் தொடர்ந்தனர். அவரும் பங்குகொண்டு 1999இல் வெளிவந்த மரபணு ஆய்வு, இவ்வங்கி பங்கசு அன்று எனவும், மீன்களைப் பற்றும் சில ஒட்டுண்ணிகளுக்கு உறவானது எனவும் காட்டியது. ஒரு நூற்றாண்டாக இதனை ஆய்வுகூடத்தில் வளர்க்க முயன்றோர் வெற்றி பெறாமையின், அதன் இயல்பை மரபணுவின் வாயிலாகவே அறிய நேர்ந்தது.

இதன் தோற்றம் இயல்பான சதையினின்றும் முற்றும் வேறானது. வெளிறிய முந்திரிகைப் பழத்துக்கு மாறாக, இது செந்நிறமுடையது, மேற்பரப்பு கரடுமுரடானது, அதில் ஊசிமுனையளவான வெண்புள்ளிகள் செறிந்திருக்கும். அப்புள்ளிகளே வித்திக்கலன்கள். அவை வெறுங்கண்ணுக்குப் புலனாகும் அளவுக்குப் பருத்தவை. முதிர்ந்த ஒவ்வொன்றினுள்ளும் ஆயிரக்கணக்கான வித்திகள் அடங்கியிருக்கும். தொட்ட அளவிலே இச்சதை உதிர்ந்து குருதி வடியும். ஒரு பக்கத்து அடைப்பு, அடிக்கடி மூக்கிலிருந்து குருதி கசிதல், உள்ளே ஏதோ ஊர்வது போன்ற உணர்வு என்பன குறிகள். கண்ணிமையின் உட்சவ்விலும் இது தோன்றுவதுண்டு. அகற்றிய சதையை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து வித்திக்கலன்களைக் காண்பதே நோயைத் துணிவதற்கு வழி.

இவ்வேறுபாட்டை அறிவதன் பயன் யாதெனின், இருவகைச் சதைக்கும் மருத்துவம் வேறாதலே. இயல்பான சதைக்கு இடும் ஸ்டீரொயிட் மருந்து செஞ்சதையை அகற்றாது. செஞ்சதையை அடியோடு வெட்டி, அது பற்றியிருந்த தளத்தை மின்சூட்டாற் சுடுதல் வேண்டும். அவ்வாறு செய்யாது பிய்த்தெடுப்பின், குருதி பெருகுவதோடு, சிதறிய வித்திகள் பிறவிடங்களிற் படிந்து மீளவும் முளைக்கும். தொழுநோய்க்கு வழங்கும் டப்சோன் என்னும் மருந்து, வித்திகளின் முதிர்ச்சியைத் தடுத்து மீள்வரவைக் குறைக்கக் கூடும் என 1979இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதுமுதல், அறுவைக்குப் பின் சில மாதங்கள் அதனை வழங்குதல் பல இடங்களில் வழக்கமாயிற்று. அம்மருந்து சிலரிடத்துச் செங்குருதிக் கலங்களை அழிக்குமாதலின், குருதிச் சோதனையின்றி உட்கொள்ளலாகாது.

மருந்தால் தீர்க்கும் வகை

இனி, இயல்பான சதைக்குரிய மருத்துவத்தை நோக்கலாம். அதன் அடிப்படை கத்தியன்று, மருந்தே. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொயிட் தூவல் மருந்து நாள்தோறும் இரு மூக்கினுள்ளும் இடப்படும். புடெசொனைட், மொமெற்றசோன், புளூற்றிக்கசோன் என்பன இவ்வகையின. இவை குருதியிற் சேரும் அளவு மிகச் சிறிது; ஆதலின் நெடுநாட் பாவனைக்கு ஏற்றவை. எனினும், இவற்றின் பயன் நாட்களில் அன்று, கிழமைகளிலும் மாதங்களிலுமே புலப்படும். நான்கு நாள் இட்டுப் பயனில்லையெனக் கைவிடுவோரே மிகப் பலர்.

இடும் முறையும் முக்கியமானது. தலையை அண்ணாந்து இடுவோரின் மருந்து தொண்டைக்குட் சென்று வீணாகும். தலையைச் சற்றே முன்சாய்த்து, வலக்கையால் இடமூக்கிலும் இடக்கையால் வலமூக்கிலும், குழாயின் முனை நடுச்சுவரை நோக்காது கண்ணின் வெளிமுனையை நோக்குமாறு வைத்து, மென்மையாக உள்ளிழுத்தல் வேண்டும். நடுச்சுவரின்மீது இடைவிடாது படின் அங்கு புண்ணாகிக் குருதி கசியும்.

தூவலுக்கு முன் உப்புநீரால் மூக்கைக் கழுவுதல் சளியையும் பொருக்கையும் நீக்கி, மருந்து சவ்விற் படிய உதவும். ஒரு இலீற்றர் நீருக்கு ஏறத்தாழ 9 கிராம் தூய உப்பு என்பது உடம்பின் உவர்ப்புக்கு ஒத்த அளவு. இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. நீர் கொதித்தாறியதாக இருத்தல் வேண்டும். கிணற்று நீரையும் குளத்து நீரையும் குழாய்நீரையும் அவ்வாறே மூக்கினுட் செலுத்தலாகாது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா என்னும் ஓரணு உயிர் மூக்கின் வழியே மூளையை எய்தின், பெரும்பாலும் உயிரைக் கவர்ந்தே விடும். அது மிக அரிதாயினும், நீரைக் கொதிக்கவைத்தல் என்னும் சிறு செயலாலே தடுக்கத்தக்கது.

சதை மிகப் பெருத்து மூக்கை முற்றாக அடைத்திருப்பின், தூவல் உட்செல்லாது. அப்போது பிரெட்னிசொலோன் மாத்திரையை ஒன்று அல்லது இரண்டு கிழமைகள் வழங்குவர். நெடுங்காலம் இழந்த மணம் சில நாட்களில் மீண்டு, நோயாளர் வியப்புறுதல் உண்டு. அவ்வியப்பே ஆபத்துக்கும் வாயிலாகும். மருந்தை நிறுத்தியபின் சதை மீளும்போது, பழைய துண்டைக் காட்டி அதே மாத்திரையை மீண்டும் மீண்டும் வாங்கி உண்போர் உளர். நீரிழிவும் குருதியமுக்கமும் மிகுதல், என்பு மெலிதல், கண்ணிற் படலம் படர்தல், மறைந்திருந்த கசநோய் தலைதூக்கல் என்பன அதன் விளைவுகள். ஆகலின் ஆண்டில் ஓரிரு முறைக்கு மேல் அதனை நாடாமை நன்று. அதுவும் வைத்தியர் மேற்பார்வையிலேயே ஆகவேண்டும்.

கடைகளிற் கிடைக்கும் அடைப்பு நீக்கித் துளிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். சைலோமெற்றசொலின் போன்ற இவை சில நிமிடங்களில் மூக்கைத் திறப்பன. ஆயினும் சதையை இவை கரைப்பதில்லை. ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்து இடின், மருந்தின் வேகம் தணிந்தவுடன் சவ்வு முன்னையினும் மிகுதியாக வீங்கும். வீக்கத்தை நீக்க மருந்து, மருந்தால் வீக்கம் என நோயாளர் அதற்கு அடிமையாவர்.

மருந்துகளுள் இறுதியாக வந்தவை, அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதங்களைத் தடுக்கும் ஊசிமருந்துகள். டியூபிலுமப் என்பது 2019இல் அமெரிக்காவில் மூக்குச்சதைக்கு ஒப்புதல் பெற்றது. ஒமலிசுமப் 2020இலும் மெபொலிசுமப் 2021இலும் பெற்றன. பன்முறை அறுவைக்குப் பின்னும் சதை மீள்வோருக்கு இவை பெருந்துணை. ஆயினும் இவற்றின் விலை மிக உயர்ந்தது; எளியோரால் வாங்க இயலாதது.

சத்திரசிகிச்சை

மருந்தால் தணியாத சதைக்கும், ஒரு பக்கத்துச் சதைக்கும், புற்றுநோய் ஐயத்துக்கும் சத்திரசிகிச்சை வேண்டும். முற்காலத்தில் கம்பிச் சுருக்கிட்டுச் சதையைப் பிடுங்கினர். புறத்தே தொங்கியது நீங்கினும், காற்றறையினுள் வேர் எஞ்சியமையின் விரைந்து மீண்டது. ஆங்கில விஞ்ஞானி ஹொப்கின்ஸ் 1959ஆம் ஆண்டளவில் வகுத்த கண்ணாடிக் கோல் உள்நோக்கி இம்முறையை மாற்றியது. அதனைக் கொண்டு ஒஸ்திரியாவின் கிராஸ் நகரத்து மருத்துவர் மெசர்கிளிங்கர், காற்றறைகளின் சளி எவ்வழியே வடிகின்றது என்பதைக் கண்டறிந்தார். அவ்வடிகால் திறந்தால் அறை தானே குணமடையும் என்ற அவர் கோட்பாட்டின்மீதே 1980களிற் பரவிய உள்நோக்கிச் சத்திரசிகிச்சை எழுந்தது. முகத்திலே வெட்டு இல்லை, வடு இல்லை, மூக்கின் வாயிலாகவே யாவும் நிகழும்.

எனினும், இஃது எளிய செயலன்று. கண்ணுக்கும் காற்றறைக்கும் இடையிலுள்ள என்பு காகிதம் போன்று மெல்லியது. மேலேயுள்ள கூரைக்கு அப்பால் மூளை. ஆகலின் கதிர்ப்படத்தை முன்வைத்து, பயின்ற கையே இதனைச் செய்தல் வேண்டும். தெருவோரத்தில் 'கத்தியின்றிச் சதை எடுப்போம்' எனக் கூறிக் காரமருந்தை மூக்கினுள் வைப்போரிடம் செல்லுதல், அவ்வென்பையும் அக்கண்ணையும் பணயம் வைப்பதாகும்.

அறுவை முடிந்ததும் நோய் முடிந்தது எனக் கருதுதல் பிழை. சவ்வின் அழற்சி உள்ளவரை சதை மீளும் இயல்பினது. தூவலையும் கழுவுதலையும் தொடர்வோரிடத்து மீள்வரவு குறைவு. தொடராதோர் சில ஆண்டுகளில் மீண்டும் அதே வாயிலில் நிற்பர். நீரிழிவைப் போலவும் குருதியமுக்கத்தைப் போலவும், இதுவும் வெல்லப்படுவதினும் ஆளப்படுவதாகிய நோய்.

காலம் தாழ்த்தாமை

கண் வீங்கல், பார்வை இரட்டித்தல், கடுந்தலைவலியோடு காய்ச்சல், கழுத்து விறைத்தல், ஒரு மூக்கிலிருந்து மாத்திரம் தெளிநீர் இடைவிடாது சொட்டல் என்பவற்றுள் ஒன்று தோன்றினும், அன்றே வைத்தியசாலையை அடைதல் வேண்டும். ஒரு பக்கத்து அடைப்பும் குருதியும் உடையோர் நாட்களை எண்ணாது செல்லுதல் வேண்டும். ஏனையோரும், மூன்று மாதம் நீங்காத அடைப்பையும் மணமின்மையையும் தடிமன் எனப் பெயரிட்டு மறத்தல் தகாது.

முந்தலிலிருந்து வடக்கே புத்தளத்துக்கும் தெற்கே சிலாபத்துக்கும் செல்லும் வீதி ஒன்றே; இருப்புப்பாதையும் அதனை ஒட்டியே செல்கின்றது. இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளிற் பார்வையும் மருத்துவமும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. ஆகவே இந்நோயாளருக்கும் மருத்துவத்துக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் தூரமன்று, பொருளுமன்று. 'இது ஒரு நோயா?' என்ற எண்ணமே. கரைவலை இழுக்கும் தொழிலாளி, ஒரு நாள் உழைப்பை இழந்து மூக்கைக் காட்டச் செல்வதோ எனத் தயங்குதல் இயல்பு. ஆயினும் உறக்கமற்ற இரவும், உருசியற்ற உணவும், தொய்வு மிகுந்த மார்பும் அவரிடமிருந்து நாள்தோறும் கவரும் உழைப்பு அவ்வொரு நாளினும் பெரிது.

இந்நோய் பற்றிய அறிவு நீண்டதாயினும், மனத்திற் கொள்ளவேண்டியவை சில. இரு பக்கத்து வெளிறிய சதைக்கு மருந்து முதல். ஒரு பக்கத்துச் சதைக்கு ஆராய்ச்சி முதல். குருதி வடியும் செஞ்சதைக்கு அடியோடு அகற்றல் முதல். யாதாயினும் பொறுமையான தொடர்பேணல் முடிவு. இவற்றைக் கடைப்பிடிப்போருக்கு, காலைக் காற்றோடு களப்பின் மணமும், கோயில் வாயிலிற் கர்ப்பூரத்தின் மணமும் ஒருநாள் மீண்டு வருதல் கூடும். இழந்ததன் அருமை மீண்டபோதே தெரியும் என்பது ஏனைய பொறிகளைப் போலவே மூக்குக்கும் உண்மையாம்.